வளையம் அலைகிறதா? அறிகுறியைப் பார்த்துத் துருவத்தைப் பிடியுங்கள்

வெளியீட்டை அளந்து, இலக்கோடு ஒப்பிட்டு, பிழையைத் திருத்தும் கட்டுப்பாட்டு வளையம் ஒன்று அலையத் தொடங்கியதும் பெரும்பாலானோரின் கை முதலில் போவது கெயினுக்குத்தான், அதாவது பிழையை எத்தனை மடங்காக்கித் திருத்துவது என்ற எண்ணுக்குத்தான். குறைத்துப் பார்ப்பார்கள். அலைவு சற்று அடங்கும், ஆனால் வேலை மந்தமாகிவிடும். மறுபடியும் கூட்டுவார்கள். இந்த இழுபறியிலேயே ஒரு நாள் கழிந்துவிடும். சில வளையங்களில் கெயினைக் குறைப்பதுதான் அலைவை வளர்க்கும் என்பது அவர்களுக்குத் தெரிவதே இல்லை. திரையில் தெரியும் அந்த அலை, துருவம் (அலைவையும் அடங்கும் வேகத்தையும் தீர்மானிக்கும் எண்) எங்கே இருக்கிறது என்பதை எண்களோடு சொல்கிறது. அதை அளந்து தாளில் எழுதிக்கொள்ளும் வரை எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் வேலை: அளவெடுப்பது

உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் உள்ள உறவை எஸ் என்ற கலப்பெண் மாறியில் எழுதிய பின்னம்தான் பரிமாற்றுச் சார்பு. அதன் பகுதியை, அதாவது பின்னத்தின் கீழ்ப்பாகத்தை, பூச்சியமாக்கும் எஸ் மதிப்புகள்தாம் துருவங்கள். தொகுதியைப் பூச்சியமாக்குபவை சுழிகள். தனியாக நிற்கும் மெய்த் துருவம் ஏறும் அல்லது இறங்கும்; அலையாது. அலைவுக்கு இணைக் கலப்பெண் சோடி ஒன்று வேண்டும். அந்தச் சோடியின் கற்பனைப் பகுதி எவ்வளவு வேகமாக அலையும் என்பதையும், மெய்ப் பகுதி எவ்வளவு வேகமாக அடங்கும் என்பதையும் சொல்கின்றன. இரண்டும் வேறு வேறு செய்திகள். "அதிகமாக அலைகிறது" என்று பொதுவாகச் சொல்லும்போது இவ்விரண்டும் குழம்பிப் போகின்றன.

இலக்கு மதிப்பில் சிறிய படி மாற்றம் (சட்டென்று ஒரே தாவலாக மாற்றுவது) ஒன்றைக் கொடுத்து வெளியீட்டைப் பதிவு செய்யுங்கள். இறுதியில் வெளியீடு எங்கே அமர்கிறதோ அந்தக் கோட்டிலிருந்து அடுத்தடுத்த இரண்டு முகடுகளின் உயரத்தையும், அவற்றுக்கு இடைப்பட்ட நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மோட்டாரின் கோணத்தை 100 பாகைக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் முகடு 140, அடுத்த முகடு 106.4, இடைவெளி 0.5 வினாடி. அப்படியானால் உயரங்கள் 40-ம் 6.4-ம். அவற்றின் விகிதம் 6.25. அதன் இயல் மடக்கை 1.83. இதை 0.5-ஆல் வகுத்தால் 3.67 வருகிறது, மெய்ப் பகுதி −3.67. இரண்டு பை-யை 0.5-ஆல் வகுத்தால் 12.57, இது கற்பனைப் பகுதி. ஆக, துருவங்கள் −3.67 ± 12.57 ஜெ (ஜெ என்பது −1-இன் வர்க்கமூலம்). ஆதிப்புள்ளியிலிருந்து துருவத்தின் தொலைவு ஏறத்தாழ 13.1. 3.67-ஐ அதனால் வகுத்தால் தணிப்பு விகிதம் 0.28 (இது 0 என்றால் அலைவு அடங்காது, 1 என்றால் அலைவே இராது). நான்கை 3.67-ஆல் வகுத்தால் 1.09, ஏறக்குறைய அத்தனை வினாடியில் வெளியீடு இறுதி மதிப்பின் 2 சதவீத எல்லைக்குள் வந்துவிடும்.

இன்னொரு சிறு சோதனையையும் உடனே செய்யுங்கள். நான் எந்த வளையத்திலும் இதைத் தவிர்ப்பதில்லை. முதல் தாண்டல் (இறுதிக் கோட்டைத் தாண்டிப் போன அளவு) 40 சதவீதம், அதாவது 0.40. அதன் வர்க்கம் 0.16. இரண்டாம் முகட்டின் உயரத்தை முதல் முகட்டின் உயரத்தால் வகுத்தாலும் 6.4/40 = 0.16. இரண்டும் பொருந்துகின்றன என்றால், உங்கள் வளையம் சுழி இல்லாத இரண்டு துருவ அமைப்பைப் போல நடந்துகொள்கிறது. மேலே போட்ட கணக்கை நம்பலாம். பொருந்தவில்லை என்றால் சுழியோ, மூன்றாவது துருவமோ, வரம்பைத் தொட்டு நிற்கும் இயக்கியோ (மோட்டார், வால்வு போன்றவை) உள்ளே இருக்கிறது. அப்போது முதல் முகட்டை விட்டுவிட்டுப் பின்னால் வரும் முகடுகளை மட்டும் வைத்து அளவெடுங்கள்.

படியின் அளவைப் பாதியாக்கி ஒருமுறை பாருங்கள். எல்லா உயரங்களும் பாதியானால் அமைப்பு நேரியல் எல்லைக்குள் இருக்கிறது. ஆகவில்லை என்றால் துருவக் கணக்கே அங்கு அரைகுறைதான்.

அறிகுறி: அலைகிறது, அடங்குகிறது, ஆனால் வெகுநேரம் எடுக்கிறது

இங்கே நின்று பேச நிறைய இருக்கிறது. முதலில் எந்தச் சார்பின் துருவத்தைப் பார்க்கிறீர்கள் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மோட்டாரின் பரிமாற்றுச் சார்பை எழுதி, அதன் துருவங்கள் 0-விலும் −2-விலும் இருக்கின்றன, இரண்டும் மெய்யெண்கள், பிறகு ஏன் அலைகிறது என்று கேட்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவை திறந்த வளையத்தின் துருவங்கள். பின்னூட்டம் (வெளியீட்டை அளந்து திருப்பி உள்ளே தருவது) இணைந்தவுடன் அவை இடம் பெயர்ந்துவிடுகின்றன. கெயின் கே என்றால், பின்னூட்டம் இணைந்த மூடிய வளையத்தின் துருவங்களைத் தரும் சிறப்பியல்புச் சமன்பாடு எஸ்² + 2எஸ் + கே = 0.

கே 1 என்றால் இரண்டு துருவங்களும் −1-இல் ஒன்று சேர்ந்து நிற்கும், அலைவு இல்லை. கே 10 என்றால் −1 ± 3 ஜெ. கே 100 என்றால் −1 ± 9.95 ஜெ. மெய்ப் பகுதியைக் கவனியுங்கள்: கெயினை நூறு மடங்காக்கியும் அது −1-ஐ விட்டு அசையவில்லை. அலைவு அடங்க எடுக்கும் நேரம் ஏறத்தாழ அதே 4 வினாடிதான். அந்த 4 வினாடிக்குள் எத்தனை முறை குதிக்கிறது என்பதை மட்டுமே கெயின் மாற்றுகிறது. அடங்கும் வேகத்தை நிர்ணயிப்பது நடு உறுப்பின் கெழுவான 2. அதைக் கூட்ட வேண்டுமானால் வேகத்தைப் பின்னூட்ட வேண்டும், அதாவது மாறும் வேகத்தைப் பார்த்துத் திருத்தும் வகையீட்டு உறுப்பு தேவை. கே 10-இல் தணிப்பு விகிதம் 0.7 வேண்டுமென்றால் நடுக் கெழு 4.43 ஆக வேண்டும், ஆகவே 2.43 அளவுக்கு வேகப் பின்னூட்டம் சேர்த்தால் போதும். கெயினைத் தொடவே வேண்டியதில்லை.

இப்போது இதே வளையத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கெயின் 10. கணக்குப்படி 4 வினாடியில் அடங்க வேண்டியது, சோதனை மேசையில் 8 வினாடி எடுத்தது. அலைவு நேரமோ 2.1 வினாடி, கணக்கோடு அச்சாகப் பொருந்தியது. மோட்டாரை மாற்றினேன், மின்வழங்கியைச் சோதித்தேன், இணைப்புத் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். இரண்டு நாள் போனது. கடைசியில் கோண உணரியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது, இரைச்சலைக் குறைப்பதற்காக யாரோ 0.1 வினாடி நேர மாறிலியில் ஃபில்டர் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள். −10-இல் ஒரு துருவம் அது. "முக்கியத் துருவங்களைவிட வெகுதூரத்தில் இருக்கிறது, விட்டுவிடலாம்" என்று நாம் வழக்கமாக ஒதுக்கும் வகை.

அதையும் சேர்த்தால் சமன்பாடு எஸ்³ + 12எஸ்² + 20எஸ் + 100 = 0 ஆகிறது. மூலங்கள் ஏறத்தாழ −11 என்பதும் −0.5 ± 2.97 ஜெ என்பதும். கற்பனைப் பகுதி 3-லிருந்து 2.97 ஆகத்தான் நகர்ந்தது. மெய்ப் பகுதியோ பாதியாகிவிட்டது. மூன்று மூலங்களின் கூட்டுத்தொகை எப்போதும் −12. ஒன்று இடப்பக்கம் தள்ளிப் போனால் சோடி வலப்பக்கம் வந்தே தீரும். கெயினை 24 ஆக்கினால் அந்தச் சோடி கற்பனை அச்சையே தொட்டுவிடும், ± 4.47 ஜெ. இரண்டு துருவ மாதிரி எந்தக் கெயினிலும் நிலைப்பை இழக்காது என்று அடித்துச் சொல்லும். அந்த ஒரு ஃபில்டர் அதைப் பொய்யாக்கிவிடுகிறது.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் அடையாளம் இது: அலைவு நேரம் கணக்கோடு ஒத்துப்போய், அடங்கும் வேகம் மட்டும் குறைவாக இருந்தால், எங்கோ ஒரு சிறிய பின்னடைவு (சைகையை மெதுவாக்கும் ஏதோ ஒன்று) ஒளிந்திருக்கிறது. உணரி, ஃபில்டர், பெருக்கி, தரவுப் பரிமாற்றம் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே தேடுங்கள். அலைவு நேரமே கணக்கிலிருந்து விலகினால்தான் மோட்டாரின் நிலைமத்தையும் கெயினையும் சந்தேகிக்க வேண்டும்.

அறிகுறி: கெயினைக் குறைத்தால் அலைவு கூடுகிறது

தொட்டியின் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தும் வளையங்களில் இது அடிக்கடி வரும். தொட்டி ஒரு தொகையாக்கி. பாய்வு தேங்கி மட்டமாகிறது. அதற்கு விகித உறுப்பும் (இப்போதைய பிழைக்கேற்பத் திருத்துவது) தொகை உறுப்பும் (சேர்ந்துவரும் பிழைக்கேற்பத் திருத்துவது) கொண்ட கன்ட்ரோலரை மாட்டுகிறோம். தொகை நேரம் (நீள நீளத் தொகை உறுப்பு மெதுவாகும்) 1 நிமிடம், தொட்டியின் கெழு 1 என்று வைத்தால் சமன்பாடு எஸ்² + கே எஸ் + கே = 0. இங்கே கெயின் இரண்டு கெழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறது. கே 4 என்றால் இரண்டு துருவங்களும் −2-இல். கே 1 என்றால் −0.5 ± 0.87 ஜெ, தணிப்பு விகிதம் 0.5. கே 0.25 என்றால் −0.125 ± 0.48 ஜெ, தணிப்பு விகிதம் 0.25. குறைக்கக் குறைக்கத் துருவங்கள் கற்பனை அச்சை நோக்கிச் சாய்கின்றன.

மருந்து எதிர்த்திசையில் இருக்கிறது: கெயினைக் கூட்டுங்கள், அல்லது தொகை நேரத்தை நீட்டுங்கள். மட்டம் மெதுவாக ஏறி இறங்குவதைப் பார்த்துப் பதற்றத்தில் கெயினைக் குறைப்பவர்கள் மேலும் மெதுவான, மேலும் பெரிய அலையை வாங்கிக்கொள்கிறார்கள்.

அறிகுறி: ஒரே ஒரு முறை தாண்டுகிறது, பிறகு அலைவே இல்லை

அதே தொட்டியில் கே 4 வைத்தோம் அல்லவா? இரண்டு துருவங்களும் மெய், இரண்டும் −2. அலைவுக்கு வழியே இல்லை. ஆனால் இலக்கை மாற்றிப் பாருங்கள், மட்டம் 13.5 சதவீதம் தாண்டிவிட்டுத்தான் திரும்பி வரும். காரணம் சுழி. மூடிய வளையத்தின் தொகுதி 4எஸ் + 4. கன்ட்ரோலர் கொண்டுவந்த சுழி −1-இல், துருவங்களைவிட ஆதிப்புள்ளிக்கு அருகில் நிற்கிறது. அது வெளியீட்டை முன்கூட்டியே உந்திவிடுகிறது.

தாண்டலைக் கண்டதும் கலப்புத் துருவம் என்று முடிவு கட்டாதீர்கள். இறுதிக் கோட்டை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணுங்கள். ஒரே முறை என்றால் துருவங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். இலக்கு மதிப்பு வளையத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டரைப் போட்டு அந்தச் சுழியை நீக்கினால் தாண்டல் போய்விடும்.

படி கொடுத்தவுடன் வெளியீடு முதலில் தப்பான திசையில் சற்று இறங்கிவிட்டுப் பிறகு ஏறினால் அதுவும் சுழியின் வேலைதான், வலப்பக்க அரைத்தளத்தில் (மெய்ப் பகுதி நேர்க்குறியாக உள்ள பக்கத்தில்) இருக்கும் சுழி. அதை அலைவு என்று எண்ண வேண்டாம்.

அறிகுறி: வீச்சு கூடவும் இல்லை, குறையவும் இல்லை

பாடத்தில் படித்தபடி, துருவம் கற்பனை அச்சின் மேல் நிற்கிறது என்று சொல்லத் தோன்றும். நடைமுறையில் ஒரு துருவம் துல்லியமாக அச்சின் மேலேயே மணிக்கணக்கில் நிற்பதில்லை. வெப்பநிலை ஒரு பாகை மாறினாலும் அது இடமோ வலமோ நகர்ந்துவிடும். ஆகவே நாள் முழுக்க ஒரே வீச்சில் அலையும் வளையத்தைக் கண்டால் வரம்புச் சுழற்சியைத்தான் (உராய்வு, தளர்வு போன்ற நேரியல் அல்லாத காரணத்தால் ஒரே வீச்சில் நிலைக்கும் அலைவை) முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சோதனை எளிது. வளையத்தைச் சற்றுத் தட்டிவிடுங்கள்: ஒருமுறை சிறிதாக, ஒருமுறை பெரிதாக. நேரியல் அமைப்பில் வீச்சு தட்டிய அளவைப் பொறுத்தது. எப்படித் தட்டினாலும் அதே வீச்சுக்கே திரும்பி வந்தால் அது வரம்புச் சுழற்சி. அலையின் வடிவமும் காட்டிக்கொடுக்கும். வால்வு உராய்வில் ஒட்டிக்கொண்டு, விசை போதுமான அளவு சேர்ந்ததும் சட்டென்று நகரும் வளையங்களில் கன்ட்ரோலரின் வெளியீடு ரம்பப் பற்களைப் போலவும், பாய்வு சதுர அலையைப் போலவும் தெரியும். அங்கே கெயினோடு போராடுவது வீண். அலைவு நேரம்தான் மாறும். வால்வின் தண்டையும் அதைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பொதியையும் கவனியுங்கள். பற்சக்கரங்கள் உள்ள இடத்தில் பற்களுக்கிடையே தளர்வு இருக்கிறதா என்று வெளியீட்டுத் தண்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மோட்டார் நகராமலே தண்டு சிறிது ஆடினால் விடை கிடைத்துவிட்டது.

வேண்டுமென்றே இந்த விளிம்புக்குக் கொண்டுபோகும் முறையும் உண்டு. சீக்லர், நிக்கல்ஸ் என்ற பொறியாளர்கள் இருவரும் 1942-இல் தந்த சரிசெய்யும் முறையில் கெயினை ஏற்றி வளையத்தை நிலையான அலைவுக்குக் கொண்டுவந்து, அந்தக் கெயினையும் அலைவு நேரத்தையும் வைத்துத்தான் கன்ட்ரோலரின் எண்கள் கணக்கிடப்படுகின்றன. அவர்கள் குறிவைத்தது ஒவ்வொரு முகடும் முந்தையதில் நான்கில் ஒரு பங்காக அடங்கும் நிலை. கணக்குப் போட்டால் தணிப்பு விகிதம் 0.22 அளவில்தான் வருகிறது. எனவே அந்த எண்களை அப்படியே இட்டுவிட்டு "இன்னும் அலைகிறதே" என்று வருந்த வேண்டாம். அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது.

அறிகுறி: வீச்சு வளர்ந்துகொண்டே போகிறது

முதலில் கைமுறைக்கு மாற்றுங்கள். பிறகு பேசலாம்.

துருவச் சோடி வலப்பக்க அரைத்தளத்துக்குப் போய்விட்டது. எல்லா மூலங்களின் மெய்ப் பகுதியும் எதிர்க்குறியாக இருந்தால்தான் அமைப்பு நிலைப்பாக இருக்கும் என்பதை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1868-இல் நீராவி எந்திரங்களின் வேகச் சீராக்கிகளைப் பற்றிய கட்டுரையிலேயே காட்டிவிட்டார். எவ்வளவு வலப்பக்கம் போயிருக்கிறது என்று அறிய, வளர்ச்சியின் தொடக்கப் பகுதியை அளவெடுங்கள். இயக்கி அதன் வரம்பைத் தொட்ட பிறகு வீச்சு நிலைத்துவிடும். அந்தப் பகுதியை மட்டும் பார்ப்பவர்கள் முந்தைய அறிகுறி என்று ஏமாந்துவிடுவார்கள்.

பின்னூட்டத்தின் குறி மாறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் வடிவத்தைப் பாருங்கள். நம் மோட்டாரில் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தால் சமன்பாடு எஸ்² + 2எஸ் − கே = 0. இதன் மூலங்கள் இரண்டும் மெய், ஒன்று நேர்க்குறி. வெளியீடு ஒரே பக்கமாக ஓடிப்போகும், அலையாது. அலைந்துகொண்டே வளர்ந்தால் இந்த மோட்டாரில் குறி சரி. வளையத்தில் சேர்ந்துவிட்ட பின்னடைவோ கெயினோதான் பிழை.

1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் டகோமா நாரோஸ் பாலம் முறுகி முறுகி விழுந்ததை வெறும் ஒத்ததிர்வு என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். காற்று ஒரு தாளத்தில் வந்து தட்டவில்லை. பாலத்தின் அசைவே காற்றிலிருந்து ஆற்றலை இழுத்து, தணிப்பை எதிர்க்குறியாக்கியது. துருவம் வலப்பக்கம் போனது என்று நாம் சொல்வதும் அதைத்தான்.

அறிகுறி: இலக்கை மாற்றினால் அமைதி, சுமை விழுந்தால் அலைவு

யாரோ கன்ட்ரோலரின் சுழியைக் கொண்டு எந்திரத்தின் தணிப்பு குறைந்த துருவத்தை மறைத்திருக்கிறார்கள். இலக்கிலிருந்து வெளியீட்டுக்குப் போகும் பாதையில் மட்டுமே அது மறைந்திருக்கிறது. சுமை நேராக எந்திரத்தின் மேல் விழுவதால் அந்தத் துருவம் தன் முழு அலைவோடு வெளிவரும். எந்திரத்தின் அதிர்வெண் காலப்போக்கில் சற்று விலகினால் இலக்கு மாற்றத்திலும் தெரியத் தொடங்கும். மறைப்பதற்குப் பதிலாகப் பின்னூட்டத்தால் தணிப்பைக் கூட்டுவதே சரியான வழி.

அறிகுறி: அலைவு நேரம் தாமதத்தோடு ஒட்டிப் போகிறது

நீண்ட குழாயின் மறுமுனையில் உணரி இருந்தால், உள்ளீடு மாறியும் சிறிது நேரம் எதுவுமே தெரியாது. கைமுறையில் ஒரு படி கொடுத்து அந்த வெற்று நேரத்தை அளந்துகொள்ளுங்கள். முதல்நிலைப் பின்னடைவும் தாமதமும் கொண்ட அமைப்பில் விகிதக் கட்டுப்பாடு விளிம்பில் அலையும்போது, அலைவு நேரம் அந்தத் தாமதத்தின் 2 மடங்குக்கும் 4 மடங்குக்கும் இடையில் இருக்கும். அந்த எல்லைக்குள் வந்தால் தாமதம்தான் உங்கள் எதிரி. உணரியை அருகில் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள்; முடியாவிட்டால்தான் கெயினைக் குறைப்பது நியாயம். அதைவிட வெகுவாக நீண்ட, சோம்பலான அலைவு என்றால் தொகை உறுப்பு மிகையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஒவ்வொரு மாதிரிக்கும் மேலே, கீழே, மேலே, கீழே

குறித்த இடைவெளியில் ஒவ்வொரு அளவீடாக (மாதிரியாக) எடுத்துத் திருத்தும் எண்ணிமக் கன்ட்ரோலரில் மட்டும் வரும் அறிகுறி. அங்கே எஸ்-க்குப் பதிலாகப் பயன்படும் இசட் தளத்தில் தனியான மெய்த் துருவமும் அலைய முடியும். துருவம் −0.8 என்றால் பிழை 1, −0.8, 0.64, −0.512 என்று குறி மாறி மாறிப் போகும். ஒரு மாதிரிக்கு ஒருமுறை திருத்தும் எளிய தொகையாக்கிக்கு 1.8 கெயின் வைத்தால் கிடைப்பது இதுதான்: 1 − 1.8 = −0.8. கெயின் 1 என்றால் துருவம் பூச்சியத்தில், ஒரே மாதிரியில் பிழை தீரும். 2-ஐத் தாண்டினால் நிலைப்பு போய்விடும். தொடர் நேரக் கணக்கில் இதே வளையம் அலையவே அலையாது என்பதால் பலர் வன்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மாதிரி இடைவெளியை மாற்றிப் பாருங்கள். அலைவு நேரமும் கூடவே மாறினால் காரணம் மாதிரியெடுப்பில் இருக்கிறது. இந்தச் சோதனை இன்னொரு பொய்யையும் பிடித்துவிடும்: 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலை வினாடிக்கு 49 முறை மாதிரி எடுத்தால், திரையில் 1 ஹெர்ட்ஸ் அலைவாக அழகாகத் தெரியும். அதற்குத் துருவம் தேடிப் பயனில்லை.

அறிகுறி: கைமுறைக்கு மாற்றியும் அலைவு நிற்கவில்லை

அப்படியானால் வளையம் குற்றவாளி அல்ல. அலைவு வெளியிலிருந்து வருகிறது, அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது அந்த வெளி மூலம். துருவம் செய்வது ஒன்றுதான்: அந்த அதிர்வெண்ணுக்கு அருகில் நின்றால் வீச்சைப் பெருக்கிக் காட்டும். பக்கத்து வளையங்களை ஒவ்வொன்றாகக் கைமுறைக்கு மாற்றி, எது நின்றபோது இதுவும் நிற்கிறது என்று பாருங்கள். மூலத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு வளையத்தை மீண்டும் தானியங்கிக்குக் கொண்டுவந்து, தொடக்கத்தில் கொடுத்த அதே அளவு படியைக் கொடுத்து, அதே இரண்டு முகடுகளை அளந்து, புதிய துருவத்தைப் பழையதன் பக்கத்திலேயே தேதியோடு எழுதி வையுங்கள்.